ஆய்வுக்கூடம் வீட்டுக்கு வந்தபோது

பெண் படிக்கலாம் என்று ஒப்புக்கொண்ட ஒவ்வொரு காலமும் கூடவே ஒரு நிபந்தனையையும் வைத்தது. அவள் எங்கே இருந்துகொண்டு படிக்கலாம் என்பதே அந்த நிபந்தனை. நம் கல்வி வரலாறுகள் பள்ளிகள் திறக்கப்பட்ட ஆண்டுகளையும் முதல் பட்டதாரிகளின் பெயர்களையும் சொல்கின்றன. பாடம் பெண்ணைத் தேடிப் போனதா, பெண் பாடத்தைத் தேடி வெளியே வந்தாளா என்று அவை அதிகம் கேட்பதில்லை. 2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டு, இயற்பியலும் வேதியியலும் தாவரவியலும் கைப்பேசித் திரைக்குள் புகுந்தபோது அந்தப் பழைய கேள்வி புதிய கருவிகளோடு திரும்பி வந்தது. விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் அறிவியல் படிக்கும் பெண்களை முன்வைத்து அந்த வரலாற்றை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் தமிழ் கற்பிப்பவள். அறிவியலைப் பற்றிப் பேச எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நம் கலை அறிவியல் கல்லூரிகளின் அமைப்பில் தமிழாசிரியருக்கு ஒரு வசதி உண்டு. இளநிலை அறிவியல் மாணவிகளில் பெரும்பாலோர் முதல் இரண்டு ஆண்டுகள் பகுதி ஒன்றில் தமிழ் படிக்கிறார்கள். வேதியியல் பெண்ணும் கணிதப் பெண்ணும் விலங்கியல் பெண்ணும் எங்கள் வகுப்பின் வழியாகத்தான் போகிறார்கள். தங்கள் துறையில் வாய் திறந்து சொல்லத் தயங்குவதைத் தமிழ்த் தாளில் எழுதிவிடுவார்கள். கல்லூரி மறுபடி திறந்த பிறகு, வீட்டிலிருந்து அறிவியல் படித்த நாட்களைப் பற்றி அவர்களைக் கட்டுரை எழுதச் சொன்னேன். இங்கே வரும் மாணவிகளின் குரல்கள் அந்தத் தாள்களிலிருந்தும் பிறகு நடந்த பேச்சுகளிலிருந்தும் வந்தவை. பெயர்களை விட்டுவிட்டேன்.

சுவருக்கு உள்ளேயும் வெளியேயும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘ஜனானா கல்வி’ என்று ஒன்று இருந்தது. வெளியே வராத பெண்களைத் தேடி, மிஷனைச் சேர்ந்த பெண்கள் வீட்டுக்கே போய் எழுத்தும் தையலும் வேதாகமமும் கற்பித்தார்கள். அதில் முதல் எழுத்தைக் கண்டவர்கள் பலர். அந்தக் கல்வி சுவரைத் தொடாமல் பார்த்துக்கொண்டதால்தான் வீடுகள் அதை அனுமதித்தன என்பதும் உண்மை. இன்னொரு புறம், வயலிலும் உப்பளத்திலும் வேலை செய்த உழைக்கும் சாதிப் பெண்களுக்கு, தலித் பெண்களுக்கு, அந்தச் சுவரே கிடையாது. அவர்கள் வெளியில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு மூடியிருந்தது பள்ளிக்கூடத்தின் கதவு. ‘பெண்ணை வெளியே கொண்டுவருதல்’ என்று நாம் பொதுவாகப் பேசும்போது இந்த இரண்டு வரலாறுகளையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

பாடத்தை வீட்டுக்கு அனுப்புவதற்கு நேர் எதிரான வழியைச் சகோதரி சுப்புலட்சுமி எடுத்தார். குழந்தை விதவையான அவர் 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1912இல் இளம் விதவைகளுக்காகச் சென்னையில் ஒரு விடுதியைத் தொடங்கினார். பெண்ணின் வீட்டுக்கு ஆசிரியரை அனுப்புவதைவிட, பெண் தங்கிப் படிக்க வேறொரு வீட்டை உருவாக்குவது முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அறிவியலுக்கு இது இன்னும் பொருந்தும். இலக்கணத்தை வீட்டில் படிக்கலாம். பிணம் அறுத்து உடற்கூறு படிக்க வீட்டில் வழியில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அவர்கள் அந்தக் கட்டடத்துக்குள் நுழைய வேண்டியிருந்தது. வீட்டோடு ஒத்துப்போகும் ஒரு அறிவியலும் பிறகு பெண்களுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு மனையியல் என்று பெயர். டெல்லியில் 1932இல் லேடி இர்வின் கல்லூரி அதற்காகவே தொடங்கப்பட்டது. மனையியலைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஊட்டச்சத்தும் குழந்தை வளர்ப்பும் தீவிரமான துறைகள். ஆனால் பெண்ணுக்கான அறிவியல் சமையலறைக்கு அருகில் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அதற்குள் இருந்தது. அந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் 2020இல் நடந்தது நன்றாகப் புரியும்.

அஞ்சலில் வந்த நுண்ணோக்கி

தொலைவிலிருந்து அறிவியல் கற்பிக்க முடியும் என்பதைப் பெரிய அளவில் செய்து காட்டியது பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். அதன் பின்னால் நின்றவர் ஜென்னி லீ. ஸ்காட்லாந்தின் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். தொழிற்கட்சி அரசில் அமைச்சர். ‘வானொலிப் பல்கலைக்கழகம்’ என்று சிலர் கேலி செய்த திட்டத்தை 1966இல் வெள்ளை அறிக்கையாக முன்வைத்தார். 1969இல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. 1971இல் முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். பாடங்கள் பி.பி.சி. தொலைக்காட்சியில் வந்தன.

நமக்கு முக்கியமானது அதன் அடுத்த படி. தொலைக்காட்சி மட்டும் அறிவியலுக்குப் போதாது என்று அவர்கள் தொடக்கத்திலேயே முடிவு செய்தார்கள். மாணவர்களின் வீட்டுக்கு அஞ்சலில் பரிசோதனைப் பெட்டிகள் போயின. வேதிப்பொருட்களும் கருவிகளும் கையடக்கமான ஒரு நுண்ணோக்கியும் அவற்றில் இருந்தன. அதோடும் நிறுத்தாமல் கோடையில் வேறொரு பல்கலைக்கழக வளாகத்துக்கு வந்து தங்கி ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும் என்றும் வைத்தார்கள். காட்சி கண்ணுக்கு, பெட்டி கைக்கு, கோடைப் பள்ளி வீட்டைவிட்டு வெளியேறிய சில நாட்களுக்கு. இந்த மூன்றில் எது விடுபட்டாலும் அறிவியல் கல்வி குறைபடும் என்பது அங்கே கிடைத்த பாடம்.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. நம் பகுதிக்கு அது 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வழியாக வந்தது. தென்னார்க்காட்டில் கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு பி.ஏ. முடித்த பெண்கள் பலருக்கு அந்தப் பழுப்பு நிறத் தபால் உறைகள் நன்றாக நினைவிருக்கும். தமிழும் வரலாறும் வணிகவியலும் உறைக்குள் அடங்கின. ஆய்வுக்கூடம் அடங்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு படிப்பைத் தொடர நினைத்த பெண்ணுக்கு எந்தப் பாடம் கிடைக்கும் என்பதை உறையின் அளவே பெரும்பாலும் முடிவு செய்தது. பள்ளியில் அறிவியல் பிரிவெடுத்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள்கூட இப்படித்தான் இலக்கியத்துக்கு வந்து சேர்ந்தார்கள். தமிழ்த்துறைக்கு அது லாபம். அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒருவழிக் காட்சி, இருவழி ஒலி

அடுத்து வானத்திலிருந்து பாடம் வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை இஸ்ரோ நடத்திய ‘சைட்’ சோதனையில் அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் போயின. தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் ‘நாடு தழுவிய வகுப்பறை’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. கல்லூரி மாணவர்களுக்கான அறிவியல் படங்கள் பகலில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தன. தொலைக்காட்சிப் பெட்டி இருந்த வீடுகள் ஊருக்குச் சில மட்டுமே. பகலில் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார எல்லாச் சாதிப் பெண்களாலும் முடியவில்லை.

1990களில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் செயற்கைக்கோள் வழி உரையாடல் வகுப்புகளை நடத்தியது. அந்தத் தொழில்நுட்பத்துக்கு ‘ஒருவழிக் காட்சி, இருவழி ஒலி’ என்று பெயர். ஆசிரியர் திரையில் தெரிவார். மாணவர் தொலைபேசியில் கேள்வி கேட்பார். ஆசிரியரால் மாணவரைப் பார்க்க முடியாது. குரல் மட்டும் வரும். இதுவரை வெறும் பார்வையாளராக இருந்த மாணவருக்கு ஒரு வாய் கிடைத்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, கல்விக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் இந்தியச் செயற்கைக்கோளான எஜுசாட் ஏவப்பட்டது. 2009இல் மைய அரசு தொடங்கிய தேசியக் கல்வி இயக்கத்தில் ‘மெய்நிகர் ஆய்வுக்கூடங்கள்’ உருவாயின. அமிர்தா பல்கலைக்கழகத்தின் ‘ஏ-வியூ’ பல கல்லூரிகளின் வகுப்பறைகளை ஒரே திரையில் இணைத்தது. ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். விரிவுரைகள், 2017இல் வந்த ஸ்வயம் தளம் என்று பட்டியல் நீள்கிறது.

இந்த வரலாற்றை வெறும் கருவிகளின் வளர்ச்சியாகப் படித்தால் அது ஒரு வெற்றிக் கதை. காட்சி மட்டும் வந்தது, பிறகு குரல் திரும்பிப் போனது, பிறகு இரு பக்கமும் முகம் தெரிந்தது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் திருப்பிப் பேசும் வசதி வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட பிறகும் பேசியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். கேள்வி கேட்கும் இணைப்பு எப்போதும் எங்கோ ஒரு மையத்தில், அலுவலகத்தில், வேறொருவர் கையில் இருந்தது.

லேப் என்னும் இடம்

விழுப்புரம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடாக இருக்க, இங்கே 72க்கு அருகில்தான் இருந்தது. பெண்களில் ஏறத்தாழ 63. விழுப்புரத்தின் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் திண்டிவனத்தின் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் 1960களின் இறுதியில் தொடங்கப்பட்டவை. விழுப்புரத்தில் டாக்டர் எம்.ஜி.ஆர். பெயரில் அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரி பிறகு வந்தது. செஞ்சி, மயிலம், மரக்காணம், வானூர், விக்கிரவாண்டி என்று சுற்றுப்புறமெல்லாம் இருந்து பெண்கள் பேருந்தில் வந்திறங்கும் ஊர்கள் இவை. வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர்கள்.

கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்.ஸி. சேரும் பெண்ணுக்கு லேப் என்பது தனி உலகம். மதியம் முழுக்க அங்கே இருக்கலாம். வெள்ளைக் கோட்டு, ரெக்கார்ட் நோட்டு, ஒரு மேசைக்கு இரண்டு பேர். பியூரெட்டின் திருகைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட, கூம்புக் குடுவையைச் சுழற்ற, ஒரே ஒரு சொட்டில் பினாப்தலீன் கரைசல் இளஞ்சிவப்பாகும். அந்தக் கடைசிச் சொட்டை நிறுத்தத் தெரிவதுதான் திறமை. அதைச் சொல்லித்தர முடியாது. விரல் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு முறை தவறும். மூன்றாவது முறை சரியாகும். தவறினால் யாரும் திட்டாத ஒரு இடம் அது. வீட்டில் குழம்புக்கு உப்புக் கூடினாலே பேச்சு வாங்கும் பெண்ணுக்கு, திரும்பச் செய்து பார்க்கலாம் என்ற அனுமதி சாதாரணமான விஷயமில்லை.

‘சாயங்காலம் நான்கரை வரைக்கும் என்னை யாரும் கூப்பிட மாட்டார்கள்’ என்று ஒரு மாணவி லேப் பற்றி எழுதியிருந்தாள். ஆய்வுக்கூடத்துக்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் படித்ததில்லை.

நாடு முழுவதும் இன்று அறிவியல் பட்டப்படிப்புகளில் பெண்கள் ஆண்களை முந்திவிட்டார்கள். 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இளநிலை முதல் முனைவர் பட்டம்வரை அறிவியல் பிரிவில் 57.2 லட்சம் பேர் படித்தார்கள், அவர்களில் 29.8 லட்சம் பேர் பெண்கள். ஆகவே அறிவியலை எப்படிக் கற்பிப்பது என்பது இப்போது பெண் கல்வி பற்றிய கேள்வியும்தான்.

நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள்

2020இல் வகுப்புகள் இணையத்துக்கு மாறின. செய்முறைத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் ஸ்கைப் போன்ற செயலிகளில் நடத்திக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு அந்த ஏப்ரலில் வழிகாட்டியது. யாரிடம் எந்தக் கருவி இருந்தது? 2017-18இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், கிராமப்புறக் குடும்பங்களில் கணினி இருந்தவை 4.4 விழுக்காடு, இணைய வசதி இருந்தவை 14.9 விழுக்காடு. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு இன்னும் நேரடியாகக் கேட்டது. இந்தியாவில் என்றேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33.3 விழுக்காடு, ஆண்கள் 57.1 விழுக்காடு. தானே பயன்படுத்தும் கைப்பேசி வைத்திருந்த பெண்கள் ஏறத்தாழ 54 விழுக்காடு.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் பல வீடுகளில் பெண்ணின் பெயரில் வந்த முதல் பொருளாக இருந்தது. ஆனாலும் ‘என் லேப்டாப்பில் அண்ணன் படம் பார்ப்பான்’ என்ற வரி பல தாள்களில் இருந்தது. 2021 ஜனவரியில் 9 லட்சத்து 69 ஆயிரத்துக்கும் அதிகமான கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல்வரை தினமும் 2 ஜிபி தரும் டேட்டா கார்டை அரசு அறிவித்தது. நல்ல திட்டம். கார்டு மாணவியின் பெயரில் வந்தது. அதைப் போடும் கைப்பேசி கொத்து வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. அவர் வீடு திரும்ப இரவு ஏழு மணி ஆகும். காலை பத்து மணி வகுப்பை அவள் இரவு பத்து மணிக்குப் பார்த்தாள்.

இங்கேதான் ‘ஊடாடும் காணொளி’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொண்ட கருவிகள் வருகின்றன. எட்ஃபசல், எச்-ஃபைவ்-பி போன்றவை செய்வது எளிமையானது. காணொளி ஐந்து நிமிடம் ஓடும், நிற்கும், திரையில் ஒரு கேள்வி வரும். விடை சொன்னால் மேலே போகும். தவறினால் அந்தப் பகுதியை மறுபடி பார்க்கலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ‘ஃபெட்’ உருவகங்களில் மின்சுற்றை மாணவியே கட்டிப் பார்க்கலாம். பல உருவகங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. மெய்நிகர் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைச் சுட்டியால் திறக்கலாம். ஒருவழியாகக் கொட்டும் விரிவுரையைவிட இவையெல்லாம் நல்லவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

என் நண்பரான ஒரு வேதியியல் பேராசிரியை அப்படிக் கேள்விகள் வைத்த பாடங்களைத் தன் மாணவிகளுக்காகத் தயாரித்தார். யார் எத்தனை நிமிடம் பார்த்தார்கள், எங்கே நிறுத்தினார்கள், எத்தனை முறை வெளியேறினார்கள் என்பதையெல்லாம் அந்தக் கருவி அவருக்குப் பட்டியலாகக் காட்டும். ஆண் பிள்ளைகள் பலர் ஒரே மூச்சில் பார்த்து முடித்திருந்தார்கள். பெண் பிள்ளைகள் பலருடைய பட்டியலில் இருபது நிமிடப் பாடம் எட்டுத் துண்டுகளாக இருந்தது. கருவியின் கணக்கில் அது கவனச் சிதறல். அவர் அதை அப்படியே ஏற்காமல் ஒவ்வொருத்தியையும் கைப்பேசியில் அழைத்துக் கேட்டார். தண்ணீர் பிடிக்கப் போனது ஒரு துண்டு. தம்பிக்குச் சோறு போட்டது ஒரு துண்டு. மாடு கத்தியது, விருந்தாளி வந்தது, சிக்னலுக்காக ஏரிக்கரைக்கு நடந்தது, கைப்பேசியை அண்ணன் வாங்கிக்கொண்டது. அந்த வரைபடத்தில் பதிவாகியிருந்தது ஒரு கிராமத்துப் பெண்ணின் நாள். வீட்டு வேலையின் நேரக் கணக்கு இத்தனை துல்லியமாக வேறெங்கும் பதிவானதில்லை என்று அவரிடம் சொன்னேன். அதற்கு மதிப்பெண் குறைக்கச் சொல்கிறது கருவி என்று அவர் சொன்னார். குறைக்கவில்லை. விடை அனுப்பும் நேரத்தை ஒரு வாரமாக நீட்டினார். பார்த்த நிமிடங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்.

வேறொன்றையும் அவர் கவனித்தார். வகுப்பறையில் ஒரு வார்த்தை பேசாத பெண்கள் உரைப்பெட்டியில் கேள்வி கேட்டார்கள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினார்கள். சிலர் வாட்ஸப்பில் குரல் பதிவு அனுப்பினார்கள். ‘மேடம், கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க’ என்று தொடங்கும் அந்தக் குரல்களுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்கும். ஆண் பிள்ளைகள் சிரிப்பார்களோ என்ற பயமில்லை. ஆங்கிலம் வராதே என்ற கூச்சமில்லை. நிறுத்தி, திரும்ப ஓட்டி, புரியாத இடத்தை நாலு முறை கேட்கும் வசதி, ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்று கேட்கத் தெரியாமல் வளர்க்கப்பட்டவர்களுக்குப் பெரிய விடுதலை. 1960களிலும் 70களிலும் தமிழ் வெளியீட்டுக் கழகமும் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் கல்லூரி அறிவியலைத் தமிழில் புத்தகங்களாகக் கொண்டுவந்தன. அந்த முயற்சிக்குத் தொடர்ச்சியாக, தமிழில் கேள்வி கேட்கும் ஒரு வெளி தற்செயலாக உருவானது. இதை வெறும் இழப்புக் காலமாக என்னால் எழுத முடியவில்லை.

ஆனால் கேமரா எல்லோருடையதும் அணைந்தே இருந்தது. பின்னால் தெரியும் ஓலைக்கூரை, ஒரே அறை, குடித்துவிட்டு வந்த அப்பா, தாவணிக்குப் பதிலாக நைட்டி: காரணங்கள் பல. அந்த இரண்டாண்டில் கல்யாணமாகிப் போன சிலர் மாமியார் வீட்டிலிருந்து ஓசையை அணைத்துவிட்டு வகுப்பில் இருந்தார்கள். பட்டியலில் பெயர் இருந்தது. இரு பக்கமும் முகம் காட்டக்கூடிய தொழில்நுட்பம் கைக்கு வந்தபோது, நம் பெண்கள் மறுபடி 1990களின் ‘ஒருவழிக் காட்சி’க்கே போய்ச் சேர்ந்தார்கள், பலருக்கு இருவழி ஒலியும் மிஞ்சவில்லை.

தாவரவியல் ஆசிரியை ஒருவர் செம்பருத்தித் தண்டைப் பிளேடால் மெல்லிசாகக் குறுக்கே வெட்டிப் படம் அனுப்பச் சொன்னார். நுண்ணோக்கி இல்லை; கையாவது பழகட்டும் என்று. வேதியியல் மாணவிகள் மஞ்சள் தூளையும் சோப்பு நீரையும் வைத்து நிறமாற்றம் பார்த்தார்கள். வெட்டு அருமையாக வந்திருப்பதாக ஆசிரியை பாராட்டியதும், ‘காய் நறுக்கின கைதானே’ என்று அந்தப் பெண்ணின் அம்மா சொன்னாராம். நறுக்கிய கைக்கு அறிவியல் தெரியும் என்று அதைப் படிக்கலாம். பெண்ணின் அறிவியல் கடைசியில் அடுப்பங்கரைக்கே வந்து சேர்ந்தது என்றும் படிக்கலாம். இரண்டும் உண்மை. ஆனால் நுண்ணோக்கியில் செல்களின் வரிசையைப் பார்க்காமல் மூன்றாண்டுப் படிப்பை முடித்தால், பிறகு பரிசோதனைக்கூட வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ போகும்போது அந்தக் குறை அவளுடைய குறையாகத்தான் எண்ணப்படும்.

திரும்பி வந்தவர்கள்

2020 டிசம்பர் தொடக்கத்தில் கல்லூரிகள் பகுதியாகத் திறந்தபோது முதலில் அழைக்கப்பட்டவர்களில் முதுநிலை இறுதியாண்டு அறிவியல் மாணவர்கள் இருந்தார்கள். ஆய்வுக்கூடத்தைத் திரையில் அடைக்க முடியாது என்பதை நிர்வாகமே ஒப்புக்கொண்ட இடம் அது. மறுபடி மூடி, 2021 செப்டம்பர் 1 அன்று மீண்டும் திறந்தார்கள். அதற்குள் ஒரு மாற்றம் நடந்திருந்தது. அந்த மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. 2022 செப்டம்பரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான புதுமைப் பெண் திட்டம் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி சேர்ந்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவர்களுடைய வங்கிக் கணக்கில். இவை இரண்டுக்கும் கல்வித் தொழில்நுட்பத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் ‘ஆன்லைனில்தான் நடக்கிறதே, எதற்குப் பஸ்ஸுக்குக் காசு’ என்று கேட்ட வீட்டுக்கு இவை பதில் வைத்திருந்தன.

அந்தக் கேள்வி இன்னும் போகவில்லை. 2021 மார்ச்சில் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடுவரை ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று விதி வந்தது. 2016இல் அது 20 விழுக்காடாக இருந்தது. அதே ஆண்டு மே மாதம், 40 விழுக்காடு இணையம், 60 விழுக்காடு நேரடி என்ற கலப்புக் கற்பித்தல் வரைவும் வெளியானது. மாணவரின் விருப்பத்துக்கு இடம் தருவதாக இதைச் சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தே படிக்கலாம் என்றால், அந்த இரண்டு நாளில் பையன் என்ன செய்வான், பெண் என்ன செய்வாள் என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சட்டத்தில் விருப்பம் என்று இருப்பது வீட்டில் கட்டளையாக மாறும்.

கருவிகளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றைப் பெண்கள் பக்கம் நின்று வடிவமைக்கக் கேட்கிறேன். ஆய்வுக்கூட நேரத்தில் ஒரு மணிகூட இணையத்துக்கு மாற்றப்படக் கூடாது. பார்த்த நிமிடங்களைக் கவனமாகவும் வருகையாகவும் கணக்கிடக் கூடாது. இணையப் பாடம் இருக்கும் நாளிலும் கல்லூரி திறந்திருக்க வேண்டும். கணினி அறையில் உட்கார்ந்து அவள் அதைப் பார்க்க வேண்டும். உரைப்பெட்டியில் தமிழில் கேட்ட கேள்வியும் வகுப்பில் கேட்ட கேள்வியாகவே எண்ணப்பட வேண்டும். காணொளியைத் தயாரிக்கும்போது அதில் எங்கே நிறுத்துவது என்பதை மாணவிகளிடம் கேட்க வேண்டும். எங்கே புரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

திறந்தபின் வந்த முதல் செய்முறை வகுப்பைப் பற்றி இறுதியாண்டுப் பெண் ஒருத்தி எழுதியது: ‘திரையில் ஐம்பது முறை டைட்ரேஷன் செய்திருக்கிறேன். ஒரு தடவையும் தப்பவில்லை. லேப்புக்கு வந்து முதல் தடவை செய்தபோது நிறம் அடர்ந்துபோய்விட்டது. மேடம் இன்னொரு முறை செய் என்றார்கள். செய்தேன். மூன்று முறை செய்தேன். பஸ்ஸை விட்டுவிட்டேன். அடுத்த பஸ்ஸில் போனேன்.’